நான்காவதாக வந்தவர்கள் மேலே போன ஞாயிறு

சிவகாசிக்கு வெளியூர்க்காரர்கள் வருவது பட்டாசு வாங்க. சிவகாசிக்காரர்கள் விருதுநகர் போவது கலெக்டர் ஆபீசுக்கு, இல்லாவிட்டால் பரோட்டாவுக்கு. நான் போனது ஒரு கால்பந்து மேட்ச் பார்க்க. தீபாவளி கழிந்து மூன்றாவது ஞாயிறு. அடுத்த வருடமும் இந்த பிளே-ஆஃப் இறுதி ஆட்டம் அங்கேதான் என்கிறார்கள். போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். யாரிடமாவது பொருமித் தீர்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. நாலு பேர் முன்னால் பேச்சு வராத பெண் நான். தட்டச்சு வரும். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, டிடிபி சென்டர் ஒன்றில் கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் அடிக்கிறேன். முதலாளி சாப்பிடப் போகும் நேரம்தான் இந்த வலைப்பூவுக்கு.

முதலில் இந்த லீக் பற்றி. இரண்டாம் டிவிஷனில் எட்டு அணிகள். ஆடி மாதம் தொடங்கி ஐப்பசி வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுவார்கள். முதலாவதாக வரும் அணி நேரே முதல் டிவிஷனுக்குப் போய்விடும். இன்னும் ஓர் இடம் இருக்கிறது. அது இரண்டாவதாக வந்த அணிக்கு என்றுதானே நீங்கள் நினைப்பீர்கள்? இல்லை. இரண்டு முதல் ஐந்து வரை வந்த நான்கு அணிகளும் மறுபடி மோதி, கடைசியில் ஜெயிக்கிற அணிக்கு. இதைத்தான் பிளே-ஆஃப் என்கிறார்கள். இறுதி ஆட்டம் தீபாவளிக்குப் பிறகு. அப்போதுதான் பட்டாசுக் கம்பெனிகள் மூடியிருக்கும், கூட்டம் வரும் என்று கமிட்டியில் அப்படி வைத்திருக்கிறார்கள்.

என் அண்ணன் சேகர் ஆடுவது கதிரவன் அணியில். எல்லாரும் அச்சகத்தில் வேலை பார்ப்பவர்கள். லீக்கில் முப்பத்தொரு புள்ளி, இரண்டாம் இடம். இறுதி ஆட்டத்தில் எதிரே வந்தது ஆனைக்குட்டம் அணி. எல்லாரும் பட்டாசுக் கம்பெனி ஆட்கள். இருபத்திரண்டு புள்ளி, நான்காம் இடம். ஒன்பது புள்ளி வித்தியாசம். மூன்று மாதம் வெயிலில் ஓடிச் சேர்த்த ஒன்பது புள்ளியை ஒரு சாயங்காலத்தில் அழித்துவிடலாம் என்றால் எதற்கு லீக்? பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.

அண்ணனுக்கு இது வெறும் கோப்பை விஷயமில்லை. மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பவர்கள் முதல் டிவிஷன் மேட்ச்சை மட்டும்தான் பார்க்க வருவார்கள். இருபத்தொரு வயது தாண்டினால் எடுக்க மாட்டார்கள். அண்ணனுக்கு மிச்சம் இருப்பது வருகிற ஒரு சீசன்தான். மாவட்ட அணிச் சான்றிதழ் இருந்தால் ரயில்வேயிலோ போலீசிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் மனுப் போடலாம். ஆனைக்குட்டம் அணியில் ஆடும் என் அத்தை மகன் முருகேசன் அத்தானுக்கும் அதே வயது, அதே கணக்கு. இடம் ஒன்று.

முருகேசன் அத்தானின் தங்கை தேவிதான் எனக்குப் பயணத் துணை. அவள் பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளி அணியில் ஆடுகிறாள். பக்கவாட்டில் வெள்ளைக் கோடு போட்ட நீலப் பேன்ட் ஒன்று வைத்திருக்கிறாள், பள்ளியில் கொடுத்தது. அன்றைக்கும் அதைத்தான் போட்டு வந்தாள். நான் ஒன்பதாம் வகுப்பில் அதே பள்ளி மைதானத்தில் அவளுக்கு எதிரே நின்று பந்தைத் தடுத்திருக்கிறேன். பேன்ட் கொடுக்க ஆரம்பித்தது நான் பள்ளியை விட்ட மறு வருடம். அந்தக் கோட்டைப் பார்க்காமல் இருக்க பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன்.

சிவகாசி பேருந்து நிலையத்தில் பன்னிரண்டரைக்கு ஏறினோம். திருத்தங்கல், ஆமத்தூர் வழியாக விருதுநகர். சுமார் இருபத்தேழு கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. டிக்கெட் எட்டு ரூபாய். ஞாயிறு மதியம் உட்கார இடம் கிடைக்கும். எங்கள் அணியும் அதே பஸ்ஸில்தான் வந்தது; காரணம், அச்சக வேன் காலண்டர் லோடு ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போய்விட்டது. ஆனைக்குட்டம் அணி கம்பெனி லாரியில் வந்தது. சீசன் முடிந்து லாரி சும்மா நின்றதால் டிரைவரே கூட்டிவந்தாராம். பின்னால் தார்ப்பாய் விரித்துப் படுத்துக்கொண்டே வந்தார்கள். ஆண்கள் லாரியில் தேவியை ஏற்றக் கூடாது என்று அத்தை சொன்னதால் அவள் எங்களோடு.

எங்கள் ஆட்கள் பஸ் கிளம்புவதற்குள் தூங்கிவிட்டார்கள். காலண்டர் சீசன் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பட்டாசுக்காரர்களுக்கு தீபாவளியோடு வேலை ஓய்ந்துவிடும். அச்சகத்துக்கு அப்போதுதான் உயிர் போகும். 2008 காலண்டர் எல்லாம் மார்கழிக்குள் கடைகளுக்குப் போய்ச் சேர வேண்டும். அண்ணனும் இன்னும் ஐந்து பேரும் சனிக்கிழமை சாயங்காலம் ஏறிய ஷிப்டிலிருந்து அன்று காலை பதினோரு மணிக்குத்தான் இறங்கினார்கள். கோல்கீப்பரை விடவே இல்லை. அவன் பார்க்கும் மெஷினுக்கு மாற்று ஆள் கிடையாது.

டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் வரிசையாகச் சாய்ந்து கிடந்தவர்களைப் பார்த்தார்.

"என்னலே, வெளையாடப் போறீகளா, கல்யாண வீட்ல பந்தி பரிமாறிட்டு வாறீகளா?"

"பைனலுக்குப் போறோம்ணே," என்றான் அண்ணன், கண்ணைத் திறக்காமல்.

"பைனலா? அங்கன போயாவது முழிச்சிருவீகளா?"

தேவி சத்தமாகச் சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரிடமும் பேசாதவள், அவளிடம் மட்டும் பேசிவிட்டேன்.

"ஒம்பது புள்ளி கூட எடுத்திருக்கோம். ஒங்கள ரெண்டு தடவயும் அடிச்சோம். ஆனைக்குட்டத்துல வச்சு அஞ்சு கோலு. இன்னும் என்னத்துக்கு ஒரு மேட்ச்சு?"

"அந்த அஞ்சு கோல் மேட்ச்ச நீ பாத்தியா?"

"பாக்கல. அண்ணன் சொன்னான்."

"எங்காளுக எத்தன பேரு நின்னாகன்னு சொன்னானா?"

அதை அண்ணன் சொல்லவில்லை.

"ஒம்பது பேரு. ஏ பிள்ள, தீபாவளிக்கு ஒரு மாசம் இருக்கையில எந்தக் கம்பெனியிலயாச்சும் ஞாயித்துக்கிழம லீவு விடுவாகளா? எங்கண்ணன் அரைநாள் கேட்டதுக்கு ஃபோர்மேன் என்ன சொன்னாரு தெரியுமா? 'பந்த உதைக்கணும்னா போ, திங்கக்கிழம வராத.' முழுசாப் பதினோரு பேரும் சேந்து நின்னது லீக் முழுக்க நாலே மேட்ச்சு. நாலையும் ஜெயிச்சோம்."

"அப்ப எங்காளுக இப்பத் தூங்கி வழியுறாகளே, அது?"

"அதுக்கு நான் என்ன செய்ய? ஒங்களுக்கு இப்ப சீசன்."

அவள் சொன்னது சரி என்று ஆமத்தூரிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சரியாக இருந்ததால்தான் இன்னும் எரிந்தது. லீக் நடப்பது அவர்கள் சீசனில். பிளே-ஆஃப் நடப்பது எங்கள் சீசனில். எங்கள் ஒன்பது புள்ளியில் கொஞ்சம் பட்டாசுக் கம்பெனிகள் எங்களுக்காக எடுத்துக் கொடுத்தது. சரி. ஆனால் அதற்காக அண்ணனின் கண் இப்படிச் சொருக வேண்டுமா? ஒரு அணிக்கு அநியாயம் செய்துவிட்டு, அதைச் சரிக்கட்ட இன்னொரு அணிக்கு அநியாயம் செய்தால் இரண்டும் சேர்ந்து நியாயம் ஆகிவிடுமா? இதை எல்லாம் தேவியிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவளிடம் பதில் இருக்கும்.

விருதுநகரில் இறங்கியபோது ஒன்றே முக்கால். மைதானத்துக்கு நடந்தே போகலாம், இருபது நிமிடம். ஆட்டோவுக்கு இருபத்தைந்து ரூபாய் கேட்டார்கள். வழியில்தான் தப்பு நடந்தது. தூங்கி எழுந்தவர்களுக்கு அகோரப் பசி. கடை வாசலில் பெரிய கல்லில் எண்ணெய்க்குள் பரோட்டா மிதக்கிறது. முறுமுறுவென்று எடுத்து, நொறுக்கி, மேலே சால்னாவை ஊற்றிக் கொடுக்கிறார்கள். ஆளுக்கு நாலு, சிலர் ஐந்து. தேவி எனக்குப் பக்கத்தில் வாழைப்பழம் உரித்துக்கொண்டே, "மச்சான், ஓடணும், ஞாவகம் இருக்கா?" என்று கேட்டாள்.

"எண்ண போட்டாத்தான் வண்டி ஓடும்," என்றான் அண்ணன். பரோட்டா அருமை என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஆட்டம் முடிந்த பிறகு சாப்பிடுங்கள்.

மைதானத்தில் நுழைவுக் கட்டணம் கிடையாது. நிழல் மேற்குப் பக்கம் மட்டும். சீக்கிரம் போனால் அங்கே இடம் பிடிக்கலாம். பெண்கள் என்று பார்த்தால் தேவி, நான், கடலை விற்கிற ஓர் அக்கா. தேவி கோட்டுக்குப் பக்கத்திலேயே போய் நின்று கத்தினாள். நான் கடலை அக்காவுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

மூன்றரைக்குத் தொடங்கியது. முதல் பாதியில் எங்கள் ஆட்கள் ஆடினார்கள், அதைச் சொல்லியே ஆக வேண்டும். இடது பக்கம் அண்ணன் பந்தைத் தள்ளிக்கொண்டு ஓடி, உள்ளே வெட்டி, ஒரு அடி. கோல். என் கை தானாகத் தட்டியது. கடலை அக்கா திரும்பி, "யாரு, ஒங்கண்ணனா? ஒல்லியா இருந்துக்கிட்டு என்ன ஒதை ஒதைக்கான்!" என்றார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த நல்ல நிமிடம் அதுதான்.

இடைவேளைக்குப் பிறகு கால்கள் நின்றுவிட்டன. ஆனைக்குட்டத்துக்காரர்கள் மூன்று வாரம் தூங்கி எழுந்தவர்கள். அவர்கள் அப்போதுதான் ஓடவே ஆரம்பித்தார்கள். ஒரு மூலை உதையில் சமன் செய்தார்கள். எங்கள் கோலில் நின்றது பின்வரிசை ஆள், கையுறை கூட அவனுக்குப் பெரிது. முடிய நாலைந்து நிமிடம் இருக்கும்போது பந்து முருகேசன் அத்தானிடம் வந்தது. அவருக்கும் கோலில் நின்றவனுக்கும் நடுவே அண்ணன் ஒருவன்தான். அண்ணன் ஓடவில்லை. இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு நின்றான். அத்தான் அவனைத் தாண்டிப் போகும்போது தலையை மட்டும் திருப்பிப் பார்த்தான். இரண்டுக்கு ஒன்று.

விசில் ஊதியதும் லாரியிலிருந்து சரவெடி வந்தது. அதற்கு அவர்களுக்கு என்ன பஞ்சம்? தேவியை யாரோ மாலையோடு போட்டோ எடுத்தார்கள். ஆடியது அவள் இல்லை, ஆனாலும் அவள் கழுத்தில் மாலை. நான் அண்ணனின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

முருகேசன் அத்தான் எங்களிடம் வந்தார்.

"மாப்ள, ஒங்க கீப்பர் நின்னுருந்தா ரெண்டாவது உள்ள போயிருக்காதுலே."

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: "லீக்ல நீங்க பதினோரு பேரு வந்திருந்தா எங்களுக்கு முப்பத்தொரு புள்ளி வந்திருக்காது. போலே, போய் வெடியப் போடு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எப்படித்தான் சிரிக்க முடிகிறதோ. தோற்றது அவன், மனம் ஆறாதது எனக்கு. திரும்பும் பஸ்ஸில் அண்ணன் திருத்தங்கல் வரை என் தோளில் தூங்கினான். அன்று இரவும் அவனுக்கு ஷிப்ட் இருந்தது.

நியாயம் பற்றி எனக்குத் தோன்றுவது இதுதான். பிளே-ஆஃப் இருக்கட்டும். ஆனால் இரண்டாவதாக வந்தவனுக்கு ஏதாவது ஒன்று கொடுங்கள். சமன் ஆனால் அவன் ஜெயித்ததாக வைக்கலாம். இல்லையென்றால் ஆட்டத்தைத் தை மாதத்துக்குத் தள்ளுங்கள். அப்போது இரண்டு பக்கமும் ஆள் இருக்கும். கூட்டம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை தேவியும் அத்தானும் எங்கள் சென்டருக்கு வந்தார்கள். வாழ்த்து போஸ்டர் ஆர்டர். வீரர்கள் பெயரை எல்லாம் அடித்தேன். அடிக்கும்போதே ஓர் ஆசை வந்தது: கீழே ஒரு மூலையில், லீக்கில் நான்காம் இடம் என்று ஒரு வரி இருந்தால் எப்படி இருக்கும்? ஊர் பார்க்கட்டும். கையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலைப்பு என்ன வைக்க என்று கேட்டேன்.

தேவி யோசிக்கவே இல்லை. "நான்காம் இடத்திலிருந்து முதல் டிவிஷனுக்கு! அப்படிப் போடு. 'நான்காம்'ங்கிறது நல்லாப் பெருசாத் தெரியணும், என்ன?"

நான் குத்திக் காட்ட வைத்திருந்ததை அவள் தலைப்பாகக் கேட்டாள்.

அடுத்த வருடம் போகிறவர்கள் சிவகாசியில் பன்னிரண்டரை பஸ்ஸைப் பிடியுங்கள். குடை எடுத்துப் போங்கள். தண்ணீர் மைதானத்தில் கிடைக்காது. உங்கள் அணி இரண்டாவதாக வந்திருந்தால், இறுதி ஆட்டம் எந்த மாதம் என்று முதலில் கேளுங்கள். வலது பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் திருத்தங்கல் தாண்டியதும் ஒரு நீளச் சுவரில் அந்த போஸ்டர் வரிசையாக ஒட்டியிருக்கும், மழை அடிக்காமல் இருந்தால். அச்சடித்தது என் அண்ணன், இரண்டு காலண்டர் லோடுகளுக்கு நடுவில். 'நான்காம்' என்ற சொல் பஸ் வேகத்திலும் தெரியும். அவள் கேட்டதைவிடப் பெரிதாகவே வைத்திருக்கிறேன்.