எதிர்த் தொட்டிலில் ரொசெந்தோ

ரொசெந்தோ மேல் எனக்கு ஒரு கோபம் இன்னும் அப்படியே கிடக்கிறது. கோபான் ஊர்த் திருவிழாவில், விடாத தூறலில், ராட்டினத்தின் அச்சை என்னைக் கழற்ற வைத்தான். கோளாறு அச்சில் இல்லை என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் பக்கத்தில் நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுத்தான், பாவி.

குவாத்தமாலாவில் திருவிழாவுக்குத் திருவிழா ராட்டினம் கொண்டுபோகிறவர்கள் நாங்கள். பழைய லாரி எஞ்சினும் பெல்ட்டும்தான் அதைச் சுற்றும். முதலாளி எர்லிண்டா அம்மா. சீட்டு விற்பதற்கு முன் நானும் ரொசெந்தோவும் எதிரெதிர்த் தொட்டிலில் உட்கார்ந்து சுற்றிக் காட்ட வேண்டும். அதைப் பார்த்துத்தான் சனத்துக்குப் பயம் தெளியும். அவன் நெட்டை, நான் குட்டைக் குண்டன். ஆனாலும் இரண்டு பேரும் ஒரே எடை. அதனால் ஏறினாலும் இறங்கினாலும் ஒரே வேகம். அப்படிச் சீராகச் சுற்றும்போதும் வயிற்றில் ஓர் இழுப்பு இருக்கும். போகிற திசை திரும்பிக்கொண்டே இருக்கிறதே, அதனால். ஆனால் முதுகில் யாரும் தள்ளுகிற மாதிரி இருக்காது.

ரொசெந்தோவுக்கு ஊர் கிடையாது. மலை சரிந்து வீட்டையும் பெண்டாட்டியையும் மூடிவிட்டது. அதற்கப்புறம் எங்களோடு சேர்ந்தவன். தட்டை வாங்கிக்கொண்டு எங்களுக்கு முதுகு காட்டித்தான் தின்பான். தரையோடு நிற்கிற தொட்டிலில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு படுப்பான். என்னோடு கொஞ்சமாவது பேசியது சுற்றும்போதுதான், அதுவும் அச்சுக்கு அந்தப் பக்கமிருந்து கத்தி. நான் உச்சியில் இருந்தால் அவன் அடியில். அவன் உச்சிக்குப் போனால் நான் அடியில்.

கோபானில் ராட்டினம் நொண்டியது. நான் அடிக்கு வரும்போது பாய்ந்தது, உச்சிக்கு ஏறும்போது திணறியது. முதுகில் ஒரு தள்ளு, பிறகு பிடித்து நிறுத்துகிற மாதிரி ஓர் இழுப்பு. ஒவ்வொரு சுற்றிலும் அதேதான்.

“என்னடா குண்டா, கழுதை மாதிரி நொண்டுது?” எஞ்சின் பக்கமிருந்து எர்லிண்டா அம்மா என்னைப் பார்த்துக் கத்தினாள்.

“அச்சுதாம்மா, அச்சு!” என்றான் எதிரே ரொசெந்தோ. “கிரீஸையும் சேர்த்துத் தின்னுட்டான் போல குண்டன்!”

அச்சைக் கழற்றி மாட்டினேன். பெல்ட் மாற்றினேன். ஆளில்லாமல் ஓட்டினால் எண்ணெய் வழிகிற மாதிரி சுற்றுகிறது. நாங்கள் ஏறினால் நொண்டுகிறது. எங்கள் எடை இப்போது ஒன்றாக இல்லை என்று அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அவனைப் பிடித்துச் சட்டையைத் தூக்கினேன். உள்ளே இன்னொரு சட்டை, அதற்குள்ளும் ஒன்று. அதற்கும் உள்ளே வெறும் விலா எலும்பு.

“எப்பலேர்ந்துடா?”

“மழை ஆரம்பிச்சதுலேர்ந்து. எதுவும் உள்ள தங்க மாட்டேங்குது.”

“என்னை மழையில நாயா அலைய விட்டியே! வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?”

“சொன்னா நீ அந்தம்மாகிட்ட ஓடுவ. அது பஸ் காசைக் கையில திணிச்சு வீட்டுக்குப் போன்னு சொல்லும். எந்த வீட்டுக்குடா போவேன் குண்டா? நீயே சொல்லு.”

வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆஸ்பத்திரிக்கு வா என்றேன். அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்றான். அடுத்த ஊரிலும் அதையே சொன்னான்.

அவன் உட்காரும் பலகைக்கு அடியில் ஒரு மண் மூட்டையைக் கட்டினேன். ராட்டினம் நேராகச் சுற்றியது. “பாத்தியா, எல்லாம் அந்தப் பெல்ட் பண்ண வேலை,” என்று எர்லிண்டா அம்மா சிரித்தாள். ரொசெந்தோ எதிரே உட்கார்ந்து சனத்துக்குக் கை ஆட்டினான். கொஞ்ச நாளில் மறுபடி லேசாக நொண்டும். யாரும் பார்க்காதபோது மூட்டையில் மண்ணைக் கூட்டுவேன்.

சலமா ஊர்த் திருவிழாவில், சுற்றிக் காட்டி முடிந்தும் அவன் தொட்டிலை விட்டு எழவில்லை. நான் போய்த் தூக்கினேன். காலிக் கோழிக்கூண்டைத் தூக்கின மாதிரி இருந்தது. எர்லிண்டா அம்மா எஞ்சினை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் என் காதில் சொன்னான். என்னிடம் கடைசியாகக் கேட்டது அதுதான்.

“அந்தம்மா உத்துப் பாக்குதுடா. நாளைக்கு இன்னும் கொஞ்சம் மண்ணு போடு.”