கூலரை அணைத்துவிட்டு நடந்த பாடம்

அந்தப் பள்ளிக்கு நான் போகாமலே இருந்திருக்கலாம். ஆபீசில் வேறு யாரையாவது அனுப்பச் சொல்லியிருந்தால் ஏன் என்று ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். பள்ளிக் கட்டிடங்களில் பழசாகிப்போன கூலர், ஏசி, ஹீட்டர் எல்லாவற்றையும் சோதித்து, எதை வைத்துக்கொள்ளலாம், எதை மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. தில்லியில் வெயில் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போவதால் ஏதாவது ஒரு பள்ளியிலிருந்து அழைப்பு வந்தபடி இருக்கும். இந்த முறை வந்தது தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியிலிருந்து. என் மனைவியாக இருந்தவள் அங்கே தமிழ் டீச்சர். நானே போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நாங்கள் பிரிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பெரிய சண்டை ஒன்றும் இல்லை. கல்யாணமான புதிதில் எனக்கு ஷார்ஜாவில் வேலை கிடைத்தது. அவளுக்குப் பள்ளியை விட்டு வர மனமில்லை. அவளை வற்புறுத்த எனக்கும் மனமில்லை. லீவுக்கு வருவதும் போவதுமாகக் காலம் ஓடியது. ஒருவழியாக தில்லி திரும்பியபோது, ஜனக்புரியில் இருந்த எங்கள் வீட்டில் டம்ளர் எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நாங்கள் ரொம்ப மரியாதையாகப் பேசிக்கொண்டோம். அந்த மரியாதையைத்தான் இரண்டு பேராலும் தாங்க முடியவில்லை. கடைசி நாள் கோர்ட்டுக்கு வெளியே சேர்ந்தே டீ குடித்தோம். பிறகு அவள் ஒரு மெட்ரோவிலும் நான் ஒரு மெட்ரோவிலும் ஏறிப்போனோம்.

மே மாதம். பிரின்சிபால் அம்மா என்னையும் எங்கள் எலக்ட்ரீஷியனையும் மாடி மாடியாக அழைத்துப்போனார். ஜன்னலுக்கு ஜன்னல் தகரக் கூலர்கள். சிலவற்றில் அடித்தட்டு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. பக்கவாட்டில் தண்ணீர் ஊறுவதற்காக அடைத்திருக்கும் புல்லில் உப்புப் படிந்து செங்கல் மாதிரி இறுகிக் கிடந்தது. குளிர்காலத்தில் அறையைச் சூடாக்க வாங்கிய ராடு ஹீட்டர்கள் ஒரு ஸ்டோர் ரூமில் குவிந்து கிடந்தன. இரண்டைச் சேர்த்துப் போட்டால் மாடி முழுக்கக் கரண்ட் போய்விடும் என்றார் பிரின்சிபால்.

மேல் மாடியில் எட்டாம் வகுப்பு. வாசலில் நின்றபோதே அவள் குரல் கேட்டது. எங்களைப் பார்த்ததும் சாக்பீசைக் கீழே வைத்தாள். முன்நெற்றியில் நரை விழுந்திருந்தது.

"வாங்க சார்" என்றாள்.

பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். நான் மீட்டரைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

ஒவ்வொரு அறையிலும் வெப்பத்தைப் பதிவு செய்யும் சின்னக் கருவி ஒன்றை ஒட்டிவிட்டு வந்தோம். ஒரு வாரம் கழித்து எடுத்துப் பார்த்தபோது எட்டாம் வகுப்பின் கணக்கு மட்டும் இடித்தது. அந்த மாடியில் நல்ல நிலையில் ஓடும் கூலர் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அந்த அறைதான் எல்லாவற்றையும்விடச் சூடு. அதுவும் நாள் முழுக்க இல்லை. தினமும் ஏதோ ஒரு பீரியட் மட்டும் சூடு விறுவிறுவென்று ஏறுகிறது, பிறகு இறங்குகிறது. எலக்ட்ரீஷியன் மோட்டரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "சார், இதில் ஒரு கோளாறும் இல்லை" என்று உதட்டைப் பிதுக்கினார். டைம் டேபிளை வாங்கிப் பார்த்தேன். சூடு ஏறுவது தமிழ் பீரியடில்.

மறுநாள் நேராக அவள் வகுப்புக்கே போய்க் கேட்டேன். "கூலரை அணைச்சு வைக்கிறீங்களா, மேடம்?"

"ஆமாங்க. என் பீரியட்ல மட்டும்."

"இந்த வெயில்லயா?"

"பாருங்க" என்றாள். கூலரைப் போட்டாள். தகரம் அதிர்ந்து, விசிறி கடகடவென்று சுற்ற ஆரம்பித்தது. பிள்ளைகளைப் பார்த்து, "ஒரு வார்த்தை சொல்றேன், எழுதுங்க" என்று உரக்கச் சொல்லிவிட்டு, அந்த வார்த்தையைச் சொன்னாள். நோட்டுகளைத் தூக்கிக் காட்டச் சொன்னாள். பாதிப் பேர் 'பழம்' என்று எழுதியிருந்தார்கள், மீதிப் பேர் 'பலம்'. ஒருத்தன் 'பள்ளம்' என்றே எழுதிவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள்.

கூலரை அணைத்தாள். மறுபடி அதே வார்த்தை. இந்தத் தடவை எல்லா நோட்டிலும் பழம்.

"வீட்ல பாதி இந்தி, வெளிய முழுக்க இந்தி. இவங்க ழகரம் கேக்கறதே இந்த ஒரு பீரியட்லதாங்க. அதையும் கூலருக்குக் குடுத்தா எப்படி? வேர்த்தாலும் பரவால்லைன்னு பிள்ளைங்களே சொல்லிட்டாங்க."

நான் பிறந்து வளர்ந்தது தில்லி. கல்யாணமான புதிதில் 'வாளப்பளம்' என்றுதான் சொல்வேன். அவள் கோயமுத்தூர்க்காரி. சமையலறையில் நின்றுகொண்டு, "நாக்கை இன்னும் கொஞ்சம் மடக்குங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லவைப்பாள். எனக்கு வந்துவிட்ட பிறகும், சிரிப்பாளே என்று வேண்டுமென்றே தப்பாகச் சொல்லியிருக்கிறேன். ஷார்ஜாவில் இருந்த காலத்தில் அந்த எழுத்தைப் பேச எனக்கு ஆள் இல்லை.

அறையில் எத்தனை பேர் உட்காருவார்கள் என்பதை வைத்துத்தான் எவ்வளவு பெரிய மெஷின் வேண்டும் என்று கணக்குப் போடுவோம். பின்வரிசை பெஞ்சுகள் காலியாக இருந்தன. வருகிற பிள்ளைகளை மட்டும் எழுதிக்கொண்டேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

"அந்த பெஞ்சையும் சேர்த்துக்குங்க."

"யாரும் இல்லையே?"

"மதராசி கேம்ப்புல இருந்து வந்த பிள்ளைங்க. அந்தக் குடிசைங்களை இடிச்சப்புறம் ஊர்க்கோடியில நரேலாவுக்குப் போயிட்டாங்க. அங்கிருந்து தினம் வர்றது கஷ்டம். ஆனா யாராச்சும் திரும்பி வந்தா அவங்களுக்கும் குளிரணும் இல்லைங்களா?"

சேர்த்துக்கொண்டேன். ரிப்போர்ட்டில் அது ஒரு எண்தான்.

பள்ளி நிர்வாகக் கூட்டத்தில் அதைப் படித்தபோது, ஜன்னல் ஏசி போதுமே, சிக்கனமாக முடிந்துவிடுமே என்றார்கள். ஜன்னல் ஏசியும் இரைச்சல்தான். நான் வழக்கமாக அதிகம் பேசுகிறவன் இல்லை. அன்று பேசினேன். மேல் மாடிக் கூரைக்கு வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளை ஓடு பதித்தால் பாதிச் சூடு குறையும், அதற்குப் பிறகு சின்ன மெஷினே போதும், மொழி நடத்தும் அறைகளுக்கு மட்டுமாவது சத்தமில்லாததாக வாங்குங்கள், அதுவே குளிர்காலத்தில் சூடும் கொடுக்கும் என்றேன். பழம், பலம் கதையையும் சொன்னேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் சரி என்றார்கள்.

தீபாவளி லீவில் வேலை நடந்தது. பழைய ஒயரை உருவிப் புதிது போட்டோம். தகரக் கூலர்களைப் பழைய இரும்பு வாங்கும் கபாடிக்காரன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். அந்த நாட்களில், வேறு எந்த சைட்டுக்கும் போகாத அளவுக்கு அடிக்கடி அந்தப் பள்ளிக்குப் போனேன். லீவு என்பதால் அவள் அங்கே வரப்போவதில்லை என்று தெரியும். அவள் நாற்காலி, அவள் அழிக்காமல் விட்டுப்போன கரும்பலகை, இவற்றோடு ஒரு அறையில் இருப்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

ஜனவரியில் கடைசிச் சோதனை. பனிமூட்டத்தில் எதிர்க் கட்டிடம் தெரியவில்லை. வகுப்பு நடக்கும்போது அறை எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று அளக்க வேண்டும். சத்தம் அளக்கும் மீட்டரை வைத்துக்கொண்டு அந்தக் காலி பெஞ்சில் உட்கார்ந்தேன். நரேலாவிலிருந்து யாரும் திரும்பி வந்திருக்கவில்லை. மெஷின் ஓடுவதே தெரியாமல் வெதுவெதுப்பு பரவியது. பிள்ளைகள் கையுறையைக் கழற்றிவிட்டு எழுதினார்கள். அவள் அவரவர் தெருவைப் பற்றித் தமிழில் சொல்லச் சொன்னாள். தடுமாறினவர்களுக்குச் சொல் எடுத்துக்கொடுத்தாள். அவள் குரல் முன்னைவிடத் தணிந்திருந்தது. கத்த வேண்டிய தேவை இல்லை. வீட்டில் பேசுவாளே, அந்தக் குரல். அளந்து முடித்த பிறகும் பீரியட் முடியும்வரை மீட்டரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பெல் அடித்துப் பிள்ளைகள் போனதும் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க."

"எல்லாம் சரியா இருக்கில்ல?"

"இருக்குங்க." பிறகு சொன்னாள். "மார்ச்சோட நான் கிளம்பறேன். அம்மா அங்க தனியா இருக்காங்க, முடியலை. கோயமுத்தூர்லயே ஒரு ஸ்கூல்ல சொல்லியிருக்கேன்."

நான் வெளியே பனியைப் பார்த்தேன். "நானும் வரட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். யோசித்துக் கேட்டதில்லை.

அவள் டெஸ்க்கில் கிடந்த பென்சில் சீவலைக் கையால் ஒதுக்கிக் குவித்தாள்.

"வேண்டாங்க" என்றாள். "கோவத்துல சொல்லலை. மறுபடியும் நாம மரியாதையா இருக்கறதை என்னால பார்க்க முடியாது." பிறகு, "ஸ்டேஷனுக்கு வாங்க. லக்கேஜ் நிறைய இருக்கு" என்றாள்.

போனேன். நிஜாமுதீன் ஸ்டேஷன். வெயில் ஆரம்பித்திருந்தது. புத்தக மூட்டைகளை சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு இறங்கி நின்றேன். அவள் வகுப்புப் பிள்ளைகள் சிலர் வழியனுப்ப வந்திருந்தார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளிடம் தமிழில் பேசினார்கள். திரும்பி ஒருவருக்கொருவர் இந்தியில் பேசிக்கொண்டார்கள். ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"அங்கிள், மிஸ்ஸுக்கு நீங்க என்ன வேணும்?"

அவளும் ஜன்னலுக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள். என்ன சொல்லப்போகிறேன் என்று அவளுக்கும் தெரியவில்லை.

"சொந்தக்காரன்" என்றேன்.

அவள் இல்லையென்று சொல்லவில்லை. வண்டி நகர்ந்தது. பிள்ளைகள் கூடவே ஓடினார்கள். நான் ஓடவில்லை, கையை மட்டும் தூக்கினேன். அவளும் தூக்கினாள்.

வெளியே வந்து பிள்ளைகளை பஸ் ஏற்றிவிட நின்றேன். பஸ் வர நேரமாயிற்று. அந்தப் பெண் அழுது முடித்துவிட்டு, கோயமுத்தூர் எவ்வளவு தூரம் அங்கிள் என்று கேட்டாள். ரெண்டு ராத்திரி ரயிலில் போகணும் என்றேன். "அவ்வளவு தூரமா!" என்றாள். அவ்வளவு தூரம்தான் என்று நானும் சொன்னேன்.