எந்த ஊருங்க என்று கேட்ட மைக்

எங்கள் பக்கம் கால்பந்துப் பந்தயம் என்றால் மைக் பிடிப்பவர் பந்தை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. யார் யார் வந்திருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பார். ஏரியூரிலிருந்து மாமா வந்திருக்கிறார், இன்னார் வீட்டு மாப்பிள்ளை வந்திருக்கிறார் என்று ஊரும் உறவும் சொல்லி வரவேற்பார். சொல்லாமல் விட்டால் வந்தவருக்குக் கோபம் வந்துவிடும். எனக்கோ, சொல்லிவிடுவாரோ என்றுதான் பயம்.

மகளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளியில் பந்து ஆடுகிறாள். பாலக்கோட்டில் நடக்கும் இறுதி ஆட்டத்துக்குக் கூட்டிப் போகச் சொல்லி ஒரு மாதமாக நச்சரித்தாள். பெண்கள் வரக் கூடாது என்று அங்கே யாரும் எழுதி வைக்கவில்லை. யாரும் போவதில்லை, அவ்வளவுதான். காரிமங்கலத்தில் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போகிறோம் என்று மாமியாரிடம் புளுகிவிட்டு, இந்த வயதில் திருட்டுத்தனமாகப் பஸ் ஏறினேன். வீட்டுக்குத் தெரிந்தால் என்னைத் திட்டுவதோடு விட மாட்டார்கள். மகள் பந்து ஆடுவதும் அன்றோடு நின்றுவிடும்.

கேலரியின் மேல் படியில் ஓரமாக உட்கார்ந்தோம். வெயிலுக்குப் போடுவதுபோல் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். கீழே இருந்த ஆண்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். அது இன்னும் பயமாக இருந்தது. எவனாவது செல்போனைத் தூக்கினால் போதும், முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எந்த அணி எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. மகள் மட்டும் இடதுகால் ஆட்டக்காரர் ஒருவரைக் காட்டி ஏதோ விளக்கிக்கொண்டே இருந்தாள்.

இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் மைக் எங்களைக் கண்டுபிடித்துவிட்டது.

"மேல கேலரியில தாய்மாருங்க வந்திருக்காங்க, ரொம்ப சந்தோசம். எந்த ஊரு, யாரு வூட்டுலருந்து வந்திருக்காங்கன்னு யாராச்சும் கேட்டுச் சொல்லுங்க. வரவேற்கணும்."

பாவம், மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் ஒலிபெருக்கியை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கட்டியிருந்தார்கள். தக்காளி மண்டிக்கு வந்த எங்கள் ஊர்க்காரர்கள் அங்கேதான் நிற்பார்கள். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு ஒருவர் படியேறி வந்தார். உட்காரச் சொல்லிவிட்டு, எந்த ஊருங்க என்றார்.

மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பெருமையாக, "எங்கப்பா பேரு" என்று ஆரம்பித்தாள்.

நான் அவள் வாயைப் பொத்தினேன். மெதுவாக அல்ல, பல் என் உள்ளங்கையில் பதியும்படி. அந்த நேரம் பார்த்து, அவள் காட்டிய இடதுகால்காரர் கோல் போட்டார். மைதானம் முழுக்க எழுந்து கத்தியது. அவளும் கத்தினாள். அந்தச் சத்தம் என் கைக்குள்ளேயே நின்றுவிட்டது.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அந்த மனிதரிடம் சொல்லி, ஆட்டம் முடியுமுன்பே அவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. தப்பித்தோம் என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த வாரம் அவளுடைய பள்ளி அணிக்கே ஆட்டம். நானும் பார்க்க வரட்டுமா என்று கேட்டேன். ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்.

"வேணாம்மா. யாருன்னு கேட்டா நீ பயந்துக்குவ."