மடப்பள்ளிக்கு வந்தவர் கேட்ட கடிதம்

அந்த மனிதரை அறியுமுன்பே, கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் கோயிலுக்கு ஒன்பது ஆண்டுகள் செயலாளராக இருந்தவன் நான். பட்டதாரி. என் கையெழுத்தை எவரும் சந்தேகித்ததில்லை.

கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தபோது அவர் வேலையிழந்தார். மெலிந்தவர், எந்நேரமும் மடிப்புக் கலையாத சட்டை. காலை முதல் மடப்பள்ளியில் மரக்கறி வெட்டுவார். புறப்படும்போது, கேளாமலே தம் பையைத் திறந்து என்னிடம் காட்டுவார். களவு செய்யாதவர் ஏன் காட்டவேண்டும் என்றே நான் எண்ணினேன்.

பொருளாதார மந்தம் காரணமாக அரசாங்கம் வேலையில்லாக் காப்புறுதிப் பணத்தை மேலும் சில கிழமைகளுக்கு நீட்டித்தது. அதற்கான படிவத்தில், வேலை செய்தீரா என்ற கேள்விக்கு அவர் ஆம் என்று எழுதிவிட்டார். பணம் நின்றது.

"மரக்கறி வெட்டினதை ஏன் வேலையெண்டு எழுதினீர்?" என்றேன்.

"வெட்டினனான்தானே, ஐயா. கோயில் விசயத்தில பொய் சொல்லேலுமே? சம்பளம் இல்லையெண்டு நீங்கள் ஒரு கடிதம் தந்தால் காசு திரும்ப வரும். வாடகை கட்டேல்லை."

"சம்பளமில்லாமல் ஆர் நாள் முழுக்க நிண்டு வெட்டுவினம்?"

"வீட்டில இருந்தால் பிள்ளையள் என்னையே பாத்துக்கொண்டு இருக்குதுகள்."

யாரேனும் அவருக்கு இரகசியமாகக் கூலி கொடுத்தார்களா என்று சமையற்காரர் ஒவ்வொருவரையும் விசாரித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அவர் எத்தகைய மனிதர் என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.

நான் கடிதம் தர மறுத்ததாகச் சிலர் சொல்கிறார்கள். அது பிழை. அவர் கேட்டு ஆறாவது கிழமையில் எழுதி, கையெழுத்திட்டு, நானே அவர் வீட்டு முகவரிக்குத் தபாலில் அனுப்பினேன். அவர் அந்த வீட்டில் இல்லையென்று அது திரும்பி வந்தது.