அவள் இளைத்த எட்டு மாதங்கள்

நான் கால்நடை மருத்துவம் படித்தவன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நாமக்கல்லைச் சுற்றியுள்ள முட்டைக்கோழிப் பண்ணைகளில் வைத்தியம் பார்த்தேன். கோழிக்கு நோய் வருவதைப் பெரும்பாலும் எடைதான் முதலில் சொல்லும். வாரந்தோறும் சில கோழிகளை எடுத்து நிறுப்போம். எனக்குத் தராசுகூட வேண்டாம். கையில் தூக்கி நெஞ்செலும்பை விரலால் தடவினால் போதும். அது துருத்திக்கொண்டு நின்றால், மற்ற வேலைகளை விட்டுவிட்டு அன்றே காரணம் தேடுவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரியாமல் செய்துவிட்டான் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

வேலையை விட்டபின், மாலையில் மனைவியோடு உட்கார்ந்து தொலைக்காட்சித் தொடர் பார்ப்பது வழக்கமாயிற்று. ஒரு தொடரின் கதாநாயகி பிள்ளை பெற்றுத் திரும்பியபோது பருத்திருந்தாள். சில மாதங்களில் பாதியாக இளைத்துவிட்டாள்.

"பாரு, அந்தப் புள்ள எப்புடி ஆயிட்டா. நீயும் இருக்கறயே, தீவன மூட்டையாட்ட" என்றேன்.

"உங்களுக்குக் கோழியும் எடைதான், பொண்டாட்டியும் எடைதானுங்க" என்று சிரித்தாள்.

மறுநாளே அவள் தட்டில் சோறு பாதியாயிற்று. நான் கவனித்தேன்; சந்தோஷப்பட்டேன். அது ஆடி மாதம். அதிலிருந்து இளைக்கத் தொடங்கினாள். ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தாள்.

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கு இருந்தாப்பல இருக்கறே" என்றேன். அறுபத்து மூன்று வயதில் வெட்கப்பட்டுக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

பொங்கலுக்கு வெண்ணந்தூரிலிருந்து அவளுடைய அக்கா, எனக்கு நங்கையா முறை, வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏஞ்சாமி, இப்புடி எளச்சுப் போயிட்டே? ஒடம்புக்கு என்ன பண்ணுது?"

எங்கள் பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் இளைத்துவிட்டாய் என்பார்கள். அது பிரியமாகக் கேட்பது, யாரும் பொருட்படுத்துவதில்லை. நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

"டிவிக்காரியாட்ட ஆயிட்டாளுங்க நங்கையா. உங்களுக்குப் பொறாமையா?"

"பல்லக் காட்டாதீங்க. கண்ணு ரெண்டும் உள்ள போயிருக்குது. மொதல்ல ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

மனைவி குறுக்கே வந்தாள். "எனக்கொண்ணுமில்லக்கா. நாந்தான் சோத்தக் கொறச்சுட்டேன்."

அந்தப் பதில் எனக்கு வசதியாக இருந்தது.

மாசி மாதம் துணி காயப்போடும்போது மயங்கி விழுந்தாள். சேலத்துக்கு அழைத்துப்போய், ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தோம். குடலில் கட்டி.

"எவ்வளவு நாளா எடை குறையுது?" என்று மருத்துவர் கேட்டார்.

ஆடியிலிருந்து எண்ணினால் எட்டு மாதம். ஆனால் உள்ளே நுழையும்போதே, நானும் ஒரு டாக்டர்தான் என்று அவரிடம் சொல்லியிருந்தேன்.

"ரெண்டு மாசமாத்தான் சார்."

அவர் நம்பாமல் அவள் பக்கம் திரும்பினார்.

"ஆமாங்க, ரெண்டு மாசந்தானுங்க" என்றாள்.

காரில் திரும்பும்போது, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"படிச்ச மனுசங்க முன்னால உங்களத் தலகுனிய வெக்கறதா?" என்றாள். ராசிபுரத்தைத் தாண்டினோம். பிறகு அவளே சொன்னாள்: "மார்கழியிலயே வயித்து வலி இருந்துச்சுங்க. வைத்தியம் பாத்தா ஒடம்பு மறுபடி ஏறிருமோன்னு பேசாம இருந்துட்டேன். நாப்பது வருசத்துல நீங்க என்னை நல்லாருக்கறேன்னு சொன்னது இப்பத்தானுங்க."

சாலையைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

மறுநாள் தனியாகப் போய் மருத்துவரிடம் எட்டு மாதம் என்றேன். அவர் பழையதை அடித்துவிட்டுத் திருத்தி எழுதினார். சிகிச்சையில் அதனால் பெரிய மாற்றம் இல்லை, முன்பே வந்திருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

அங்கே போனதை அவளிடம் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. புரட்டாசியில் இறக்கும்வரை, என் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாகவே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.