வெயிலில் நின்ற லாரி

விளையாட்டு எழுதுகிற வேலை என்று உண்மையைச் சொல்லியிருந்தால் என் அப்பா பெண் கொடுத்திருக்க மாட்டார். அதனால் ‘கம்ப்யூட்டர் வேலை’ என்று மட்டும் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் ரெங்கராஜ் பதினாறு வருஷமாகக் கீரனூரிலிருந்து ஏழேகால் பஸ்ஸில் திருச்சிக்குப் போகிறார். செல்போன் விளையாட்டுகளுக்குப் புரோகிராம் எழுதிவிட்டு, அடித்துப் போட்ட மாதிரி வந்து விழுகிறார்.

அப்படி என்னதான் வேலை என்று ஒருநாள் கேட்டேன். இப்போதைய போனுக்குள் கோர் என்று எட்டு குட்டி மூளை இருக்கிறதாம். எட்டும் ஒரே நேரத்தில் வேலை பார்க்குமாம். ஒன்று லாரியை ஓட்டும், ஒன்று ரோட்டை வரையும், ஒன்று சத்தத்தைக் கவனிக்கும். எது எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பது இவர் பாடு. வீட்டில் ஒரு வேலையைப் பிரித்துக்கொள்ளத் துப்பில்லாத மனிதர்தான்.

போன பங்குனியில் இவர் ஆபீஸ் விளையாட்டு ஒன்று, லாரிப் பந்தயம், சிலர் போனில் பாதி வழியில் அப்படியே நின்றது. ஆபீசில் எத்தனை தடவை ஓட்டினாலும் நிற்கவில்லை. கடைசியாக அந்தப் புரோகிராமில் கை வைத்தவள் இவரோடு வேலை பார்த்த குளத்தூர்ப் பெண் தேவிப்ரியா. “எங்க வீட்ல வச்சு ஓட்டுனா நிக்குதுண்ணே” என்று இவரிடம் சொல்லியிருக்கிறாள். “ஒங்க வீட்ல பேய் கீய் இருக்கா?” என்று இவர் சிரித்திருக்கிறார். தப்பு அவளுடையதுதான் என்று அந்த மாதமே அவளை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மாடியில் மோர் மிளகாய் காயப்போட்டு, காக்கை விரட்ட இவரை உட்காரவைத்தேன். அரை மணி கழித்துப் போனால் காக்கை சாவகாசமாகக் கிளறிக்கொண்டிருக்கிறது. மனிதர் கையிலிருந்த ஆபீஸ் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறார். லாரி நின்றுபோயிருந்தது.

“ஆபீஸ்ல ஏசி, பிரகதா. இங்கிட்டு வெயில்ல போன் சூடாயி, கோரெல்லாம் வேகத்தைக் கொறைக்குது. வேலை முந்திப் பிந்திப் போயி ஒண்ணுக்காக ஒண்ணு நிக்குது.”

எனக்குப் புரிந்தது இதுதான்: ஓர் அடுப்படியில் இரண்டு மருமகள்கள். ஒருத்தி சட்டியைப் பிடித்துக்கொண்டு கரண்டிக்கு நிற்கிறாள், இன்னொருத்தி கரண்டியைப் பிடித்துக்கொண்டு சட்டிக்கு நிற்கிறாள். விட்டுக்கொடுக்க ஆளில்லை. சமையல் எங்கே நடக்கும்?

அந்தப் போனை மிளகாய்த் தட்டிலேயே வைத்துவிட்டு லேப்டாப்பில் தேடினார். நாலு மணிக்குக் கண்டுபிடித்துவிட்டார். லாரியை நிறுத்திய வரிகள் தேவிப்ரியா எழுதியவை அல்ல. நாலு வருஷத்துக்கு முன்னால் இவரே எழுதியவை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இவருக்கு வயது நாற்பத்தைந்து. இந்த வேலை போனால் யார் எடுப்பார்கள்?

“சத்தமில்லாமச் சரி பண்ணிட்டு விட்டுருங்களேன்” என்றேன். சொன்னதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொன்னேன்.

“அந்தப் புள்ள சொல்லுச்சு பிரகதா. நான் சிரிச்சேன்.”

தவறு தன்னுடையது என்று ஆபீசுக்கு எழுதி அனுப்பினார். பிறகு தன் போனில் தேவிப்ரியாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, வெயிலில் லாரி நின்றதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். 

“சரிங்கண்ணே. இப்ப துணிக்கடையில வேலைக்கு நிக்கிறேன், ஆள் வந்துட்டாங்க” என்றாள். வைக்கப்போனவள், “அந்தப் போன் இன்னும் வெயில்லயா கெடக்கு? எடுத்து நெழல்ல வைங்கண்ணே. நானும் அப்படி வச்சு வச்சுப் பாத்துத்தான் என் போன் பேட்டரி உப்பிப் போச்சு” என்றாள்.

இவர் எழுந்திருக்கவில்லை. நான்தான் போய் எடுத்து வைத்தேன்.