பதினைந்தாவது விண்ணப்பம்

நான் பொய் சொன்னேன். தெரிந்த ஒருத்தியைத் தெரியாது என்றேன். அந்த ஒரு பொய்யால் ஒரு தாய் தன் பிள்ளையிடம் போய்ச் சேராமலே போனாள்.

இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. நீங்களும் 'பாவம், என்ன சூழ்நிலையோ' என்று எனக்காக இரங்கத் தொடங்கிவிடாதீர்கள். சூழ்நிலையாவது மண்ணாவது! என் கழுத்தில் யாரும் கத்தி வைக்கவில்லை. வாய் என்னுடையது, பொய்யும் என்னுடையது.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என்னைப் பற்றி விசாரித்துப் பாருங்கள். நல்ல மனிதர் என்பார்கள். ரயில்வேயில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில் ஊர்ச் சனங்களுக்காக ஓடி ஓடி உழைத்தவர் என்பார்கள். எங்கள் யாழ்ப்பாணத்தார் சங்கத்தில் அதற்காகவே எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னேனா? தோளைக் காட்டிக்கொண்டு நின்றேன்... கைதட்டல் ஓயும்வரை நின்றேன்.

அந்த ஆண்டு ஆடி மாதத்தில் கொழும்பு எரிந்தது உங்களுக்குத் தெரியும். அந்தத் தீ கோலாலம்பூரில் ஒரு கவுன்டர் வரைக்கும் வந்தது தெரியுமா? அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு இங்கே எத்தனையோ பேர் இருந்தார்கள். தாதிகள், மாணவர்கள், கல்யாணமாகி வந்த பெண்கள், வீட்டு வேலைக்கு வந்தவர்கள். பாஸ்போர்ட்டுக்குக் கலவரம் தெரியாது. அதன் தேதி வந்தால் அது காலாவதியாகிவிடும். புதுப்பிக்க வேண்டுமானால் பிறப்புப் பதிவை யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், சரிபார்த்து அனுப்ப வேண்டும். கடிதம் போகவில்லை, தொலைபேசி வேலை செய்யவில்லை, கச்சேரி திறந்திருக்கிறதா என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. வாரம் முழுக்கத் திறந்திருந்த தூதரகக் கவுன்டர் ஒரு காலைப்பொழுதாகச் சுருங்கியது. பாஸ்போர்ட் இல்லையென்றால் இங்கே குடிநுழைவுத் துறை தங்குவதற்கான பாஸை நீட்டித்துத் தராது. ஊருக்குப் போகவும் முடியாது, இங்கே இருக்கவும் முடியாது. சனம் வாசலில் வெயிலில் நின்று அழுதது.

அந்தக் கவுன்டரில் இருந்த அதிகாரி ஒரு சிங்களவர். இதை வேண்டுமென்றே எழுதுகிறேன். ஏனென்றால் எங்களில் பலர் இன்றைக்கும் எல்லாப் பழியையும் அந்தப் பக்கம் தள்ளிவிட்டுச் சுகமாகத் தூங்குகிறார்கள். அந்த மனிதர்தான் ஒரு வழி சொன்னார். ஊரிலிருந்து பத்திரம் வராது, ஆகவே இங்குள்ள பெரியவர் ஒருவர் 'இவரையும் இவர் குடும்பத்தையும் எனக்கு நேரடியாகத் தெரியும்' என்று எழுதிக் கையெழுத்திட்டால் பிறப்புப் பத்திரத்துக்குப் பதிலாக அதை ஏற்றுக்கொள்கிறேன் என்றார். செவ்வாய்க்கிழமைதோறும் பதினைந்து விண்ணப்பம். அதற்கு மேல் அவரால் பார்க்க முடியாது. அந்த விண்ணப்பங்களைக் கட்டாகச் சங்கம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.

சங்கம் அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தது. நான் ஊரில் பிறந்து வளர்ந்து இங்கே வந்தவன். ஆளை விசாரிக்கத் தெரிந்தவன் என்று பெயர்.

விசாரணை! எப்படி விசாரித்தேன் என்று சொல்கிறேன், கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் மேசை போட்டு உட்காருவோம். வந்தவரிடம் 'எந்த ஊர்?' என்பேன். பிறகு 'ஊரிலை எந்தப் பக்கம்?' என்பேன். பிறகு 'ஆற்றை மகன்?', யாருடைய மகன் என்று. அவ்வளவுதான். இந்த மூன்று கேள்விக்குள் அவர் வீட்டில் தண்ணீர் குடிக்கலாமா கூடாதா என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். எங்கள் ஆட்கள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால் தயவுசெய்து முகத்தைச் சுளிக்க வேண்டாம். நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். கல்யாண வீட்டிலும் செத்த வீட்டிலும் இன்றைக்கும் கேட்கிறீர்கள்!

கவுன்டரில் இருந்த அந்தச் சிங்களவர் ஒருவரிடமும் எந்தப் பக்கம் என்று கேட்டதில்லை.

நாகேஸ் வந்தது மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. முப்பது வயதிருக்கும். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு டாக்டரம்மா வீட்டில் சமையல் வேலை. கணவன் காய்ச்சலில் செத்துப்போனவன். ஆறு வயது மகள் வதனி ஊரில் அம்மம்மாவோடு. அந்தக் கிழவிக்கும் உடம்புக்கு முடியவில்லை, தெருவில் ராணுவம் திரிகிறது என்று வந்த கடைசிக் கடிதத்தை அவள் கையிலேயே வைத்திருந்தாள். பாஸ்போர்ட் முடிய இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. அதைப் புதுப்பித்து, அதில் வதனியின் பெயரையும் சேர்த்துக்கொண்டு, ஊருக்குப் போய்ப் பிள்ளையைக் கூட்டிவர வேண்டும். அந்தக் காலத்தில் சின்னப் பிள்ளைகளின் பெயரைத் தாயின் பாஸ்போர்ட்டிலேயே எழுதிவிடுவார்கள். டாக்டரம்மாவும் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தார். ஆனால் அவர் இங்கேயே பிறந்தவர். நாகேஸின் ஊரையோ குடும்பத்தையோ தெரியும் என்று அவரால் எழுத முடியாது.

எந்த ஊர் என்றேன். சொன்னாள். என்னுடைய ஊர்! எந்தப் பக்கம் என்று நான் கேட்கவே தேவையிருக்கவில்லை. அவளே சொன்னாள், முகம் மலர்ந்து சொன்னாள்.

"ஐயா, நான் கட்டாடி முத்தன்ர மகள். உங்கட வீட்டு உடுப்பெல்லாம் அப்புதான் வெளுக்கிறவர். நீங்கள் கப்பலேறேக்கை போட்ட வெள்ளைக் காற்சட்டை அவர் ஸ்திரி போட்டுத் தந்ததெண்டு இண்டைக்கும் சொல்லுவார்."

அவள் செய்ததில் என்ன தவறு? எனக்குக் குடும்பத்தைத் தெரிய வேண்டும், அதுதானே விதி? தெரியும் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? உண்மையைச் சொன்னாள். முத்தன் வெளுத்த சட்டையில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். என் தாய் செத்தபோது நான் இங்கே செந்தூலில் ரயில்வே அலுவலகத்தில் உட்கார்ந்து கோப்பு எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே வீட்டிலிருந்து சுடலைவரைக்கும் பாதையில் வெள்ளைத் துணி விரித்தவர் முத்தன். என் தமையனார் அதைக் கடிதத்தில் எழுதியிருந்தார். பெற்ற மகன் போகாத வழியில் அவர் போனார்... அந்த மனிதரின் பெயரைக்கூட நாங்கள் மரியாதையாகச் சொன்னதில்லை.

ஆனால் மேசையில் என் பக்கத்தில் சங்கச் செயலாளர் உட்கார்ந்திருந்தார். கிள்ளானிலிருந்து வருகிறவர். அவருடைய மகனுக்கு என் மகளைக் கொடுக்கப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். நான் தட்டச்சு செய்த கடிதம் எல்லாருக்கும் ஒரே வாசகம்: 'இவர் குடும்பத்தின் நண்பனாக இத்தனை ஆண்டுகளாக இவரை அறிவேன்.' பதினைந்து கடிதத்தையும் செயலாளர்தான் மண்டபத்தில் உரக்க வாசிப்பார், யாருக்காவது ஆட்சேபனை உண்டா என்று கேட்பதற்காக. கட்டாடி முத்தனின் குடும்ப நண்பன் என்று என் பெயரை அத்தனை பேருக்கு முன்னால் வாசிப்பதா?

செயலாளர் என் பக்கம் சாய்ந்து, தெரிந்த ஆட்களா என்று கேட்டார்.

நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். அந்தக் குடும்பத்தை எனக்குத் தெரியாது என்று ஆங்கிலத்தில் சொன்னேன்! அவளுக்கு விளங்கக்கூடாது என்றா? அல்லது அந்தப் பாஷையில் சொன்னால் பொய் கொஞ்சம் கௌரவமாக இருக்கும் என்றா? இரண்டும்தான். அவள் விளங்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். செயலாளர்தான் தமிழில் சொன்னார்.

"ஐயாவுக்கு உங்களைத் தெரியாதாம். தெரிஞ்ச வேற ஆரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

அவள் சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம். மேசையைத் தட்டிக் கத்தியிருந்தால் ஒருவேளை நான் உடைந்திருப்பேனோ என்னவோ... இல்லை, அதுவும் பொய். கத்தியிருந்தால் 'பார்த்தீர்களா, இவர்களுடைய குணத்தை' என்று சொல்லியிருப்பேன். என்னை எனக்குத் தெரியும். அவள் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "ஐயாவுக்கு மறந்திருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். முத்தன் எங்களுக்கு நண்பரா? இல்லையே. அப்படியிருக்க நண்பன் என்று எப்படிக் கையெழுத்துப் போடுவது? அது அரசாங்கத்துக்குப் பொய் சொல்வதாகாதா? எவ்வளவு நேர்மையான ஆள் பாருங்கள் நான்! நண்பன் என்ற ஒரு சொல்லுக்கு அத்தனை யோசித்தவன், தெரியாது என்று வாய் கூசாமல் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை விண்ணப்பக் கட்டைக் கொண்டு போனேன். அந்த வாரம் சேர்ந்தது பதினான்கு. அதிகாரி எண்ணிப் பார்த்துவிட்டு, இன்னும் ஒன்றுக்கு இடமிருக்கிறதே, யாராவது விடுபட்டுப் போனார்களா, மத்தியானத்துக்குள் கொண்டுவந்தாலும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். பிரிக்பீல்ட்ஸுக்குப் போய் ஒரு கடிதம் தட்டச்சு செய்து திரும்பிவர எனக்கு ஒன்றரை மணி நேரம் போதும். டாக்டரம்மா வீட்டுத் தொலைபேசி எண் என் நோட்டில் இருந்தது.

யாரும் இல்லை என்றேன்.

அடுத்த ஞாயிறும் அவள் வந்தாள். மண்டபத்துக்குள் வரவில்லை, வெளிவாசல் கேற்றடியில் நின்றாள். நான் தனியாக வருவேன், தனியாகக் கேட்டால் ஞாபகம் வரும் என்று நினைத்திருப்பாள். நான் பின்வாசலால் போய்விட்டேன். அதற்கடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. பாஸ்போர்ட் முடிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் நாள் கணக்கு வைத்திருந்தேன், அதை ஒத்துக்கொள்கிறேன்.

என் மகளின் கல்யாணம் கிள்ளானில் சிறப்பாக நடந்தது. மருமகன் தங்கமான பிள்ளை. எனக்கு ஒரு தண்டனையும் கிடைக்கவில்லை. இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். என் மனைவிதான் யாரோ சொல்லக் கேட்டு ஒருநாள் என்னிடம் கேட்டாள். அவள் செந்தூலில் பிறந்தவள், எங்கள் ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை.

"ஒரு சைன்தானே? போட்டிருந்தா உங்க கை என்ன தேஞ்சா போயிரும்?"

உனக்கு ஒன்றும் தெரியாது என்று அவள் வாயை அடைத்துவிட்டேன்.

பதினொரு வருடம் போயிற்று. கோயில் அன்னதானத்துக்குக் காய்கறி வாங்க மருமகனோடு செலாயாங் மொத்தச் சந்தைக்குப் போனபோது நாகேஸைக் கண்டேன். வெங்காயக் கடையில் குந்தியிருந்து அழுகலைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு லோரிக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்! அறுபத்தேழு வயதில், கோயில் காரியத்துக்கு வந்த இடத்தில், திருடன் மாதிரி ஒதுங்கி நின்றேன்.

இரண்டு வாரம் சோறு இறங்கவில்லை. பிறகு பழைய தட்டச்சு இயந்திரத்தை எடுத்துத் துடைத்து அந்தக் கடிதத்தை அடித்தேன். அதே வாசகம்தான், ஒரு சொல் மாற்றவில்லை. முத்தன் என்று வெறுமனே எழுதாமல் திரு. முத்தன் என்று எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். ஒரு காலையில் தனியாக பஸ் பிடித்துச் செலாயாங் போனேன்.

அவள் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். ஐயா என்று கூப்பிடவில்லை. இங்கே முன்பின் தெரியாதவரைக் கூப்பிடுகிற மாதிரி அங்கிள் என்றாள். அவள் பேச்சில் எங்கள் ஊரே இல்லை. பாஸ்போர்ட் முடிந்ததும் டாக்டரம்மா பயந்துபோய் அவளை அனுப்பிவிட்டார். கேரி தீவில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில், மேருவில் தொழிற்சாலையில், பிறகு இந்தச் சந்தையில். போலீஸ் சோதனை என்றால் ஓடி ஒளிந்துகொள்வாளாம். இதையெல்லாம் எனக்குக் குற்றம் சொல்கிற மாதிரி சொல்லவில்லை, பஸ் வழி சொல்கிற மாதிரி சொன்னாள்.

நான் கடிதத்தைக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. தூதரகத்துக்கு நானே கூட்டிப் போகிறேன், புதுப் பாஸ்போர்ட் எடுக்கலாம், வதனியின் பெயரையும் சேர்க்கலாம் என்று படபடவென்று பேசினேன். அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கிப் பார்த்தாள்.

"பதினாறு வயசுக்குள்ள இருந்தாத்தான் அம்மா பாஸ்போர்ட்ல பேர் போடுவாங்க, அங்கிள். வதனிக்குப் போன வருஷமே தாண்டிருச்சுலா."

ஒவ்வொரு வருடமும் அவள் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறாள். ஆறு, ஏழு, எட்டு... அது எனக்குத் தெரியாது. சண்டைக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று பயந்து, கிழவி வதனியைப் பதினாறு முடிந்ததுமே கட்டிக்கொடுத்துவிட்டாளாம். கல்யாணப் படம் வந்ததாம். பெண்ணின் முகம் தனக்குப் பிடிபடவில்லை, பக்கத்தில் நின்ற கிழவியை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது என்றாள்.

அவள் கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து என்னிடம் நீட்டினாள்.

"இதுல உங்க பேரு இருக்கு. என்னைப் பிடிச்சாங்கன்னா பைய சோதிப்பாங்க. அப்புறம் உங்களையும் கூப்பிட்டுக் கேப்பாங்க. நீங்களே வெச்சுக்குங்க."

சுற்றிப் பார்த்துவிட்டு, வந்த நேரத்துக்கு ஒரு வெங்காயப் பை கட்டித் தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

இந்த இடத்தில் நான் அழுதேன் என்று எழுதலாம். வெட்கத்தில் செத்துப்போனேன் என்று எழுதலாம். நீங்களும் சரி, கிழவன் கடைசியிலாவது திருந்தினான் என்று புத்தகத்தை மூடி வைப்பீர்கள். அந்தச் சுகத்தை உங்களுக்குத் தரமாட்டேன். எனக்கும் அது வேண்டாம்.

கடிதத்தை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்தபோது எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? நிம்மதி. நல்லவேளை, என் கையெழுத்து அவளிடம் இல்லை என்ற நிம்மதி.